எட்டுக்கால் நாற்காலி

இளஞ்செழியன் தன் ஆழ்மனதைத் தேடி மலைக்கு வந்தவர். அப்படித்தான் அவரே போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மெட்ராஸில் அது அவர் கைக்குச் சிக்கவில்லையாம். கார் சத்தம், டெலிபோன் மணி, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் என்று அங்கே அதற்கு ஏகப்பட்ட இடைஞ்சல். ஆகவே ஒரு ஜீப் நிறைய பெயிண்டும் பிரஷ்ஷும் ஏற்றிக்கொண்டு, ஆனி மாசம் கல்வராயன் மலையில் கொட்டாம்பாறை என்கிற பதினெட்டு வீட்டு ஊரில் வந்து இறங்கினார். அவருடைய அப்பா நாராயணசாமி தியாகதுருகம் பக்கத்தில் பெரிய நிலக்காரர். ஒரு காலத்தில் மலையின் கடுக்காயைக் குத்தகை எடுத்து, மூட்டை அடுக்குவதற்கு இந்த ஊரில் கல்லால் ஒரு கிடங்கு கட்டியிருந்தார். கடுக்காய் போய், குத்தகை போய், நாராயணசாமியும் போய்ச் சேர்ந்த பிறகு பெருச்சாளி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கிடங்குதான் இப்போது ஓவியரின் ஆழ்மனம் வந்து தங்க வேண்டிய இடம்.

கிடங்குக்குப் பக்கத்து வீடு செல்லனுடையது. நாற்பத்தேழு வயசு. சாமையும் வரகும் கொஞ்சம் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவன். ஓவியருக்குத் தண்ணீரும் விறகும் அவன் கொண்டுவந்து போட்டான், சோறு அவன் பெண்சாதி பாவாயி ஆக்கிக் கொடுத்தாள். இவ்வளவு பெரிய மனுஷர், தொலைத்த சாமானைத் தேடக் கூட ஓர் ஆளையாவது கூட்டி வரக்கூடாதா என்பதுதான் செல்லனுக்கு வந்த முதல் சந்தேகம்.

தேடுகிற முறையும் விசித்திரமாகத்தான் இருந்தது. காலையில் அவர் கண் திறந்து ஒரு மணி நேரத்துக்கு யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கண்ட கனவு கலைந்துவிடும். பாவாயியின் சேவல் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. முதல் வாரத்திலேயே அதைக் குழம்பு வைக்கச் சொல்லி உத்தரவாயிற்று. கனவைக் கலைத்த சேவல் என்று பார்க்காமல் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் பகல் முழுக்க வரைவார். கிடங்கின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரச்சட்டம், அதில் இழுத்து அடித்த துணி, அதன் மேல் ஒரு போர்வை. வரைகிற நேரம் தவிர போர்வை விலகாது. வேறு கண் பட்டால் ஆழ்மனம் கூசிப்போகுமாம். மூன்று மாசமாகச் செல்லன் பார்த்ததெல்லாம் அந்தப் போர்வையைத்தான், அதுவும் நல்ல போர்வை.

புரட்டாசி பிறந்த அன்று கீழே சாலைகள் நின்றுபோயின. எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிக் கிடந்தது. பஸ் கிடையாது, லாரி கிடையாது, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகூடக் கிடையாது. எங்கெங்கேயோ துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துப்போனார்கள் என்று சேதி ஒவ்வொன்றாக மலை ஏறி வந்தது. மலை ரோட்டிலும் யாரோ இரண்டு மரத்தைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள்.

இதில் மாட்டிக்கொண்ட இன்னொருத்தி தேவிப்ரியா. மெட்ராஸில் ஓவியங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவள். இளஞ்செழியனைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதுவதற்காக இரண்டு நாள் தங்கலாம் என்று வந்தவள், ஏழு நாளாக நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் ஓவியருக்கு நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"எல்லாத்துக்கும் கோட்டா கேக்கறாங்க. படிப்புக்குக் கோட்டா, வேலைக்குக் கோட்டா. நாளைக்கு ஓவியத்துக்கும் கேப்பாங்க. நான் ஒண்ணு கேக்கறேன், கனவுல சாதி உண்டா? ஆழ்மனசுல மேல இருக்கறவன், கீழ இருக்கறவன்னு உண்டா? அங்க எல்லாரும் அம்மணம்."

தேவிப்ரியா எழுதிக்கொண்டாள். விறகை இறக்கி வைத்துவிட்டு நின்ற செல்லனுக்குச் சிரிப்பு வந்தது. கீழே ரோட்டில் நிற்கிறவர்கள் வெயிலில் நின்று, அடி வாங்கி, எங்களுக்கும் கொடு என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். இந்த மனுஷர் பிறந்ததிலிருந்து எதையும் கேட்டதே இல்லை, எல்லாம் தானாகக் கைக்கு வந்திருக்கிறது. கேட்டுப் பழகாதவருக்குக் கேட்கிறவனைக் கண்டால் இளக்காரமாகத்தான் இருக்கும்.

அவருடைய கவலை வேறு. சனிக்கிழமை மெட்ராஸில் பிரான்ஸிலிருந்து ஒரு குழு வந்து படங்களைப் பார்க்கிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஓவியரை இரண்டு வருஷம் பாரிஸில் வைத்துச் சோறு போடுவார்கள். அதற்குள் படம் அங்கே போய்ச் சேர வேண்டும். போதாததற்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலை, பாறை மேல் நின்று மூச்சை அடக்கி ஆழ்மனதைக் கூப்பிடப் போனவர், ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலைப் பிசகிக்கொண்டார். பாவாயி நல்லெண்ணெய் தேய்த்து உருவிக் கட்டுப் போட்டுவிட்டாள். உருவும்போது அவர் போட்ட சத்தத்தில் ஊரில் மிச்சமிருந்த கோழிகளெல்லாம் கலைந்து ஓடின.

புதன்கிழமை மதியம் செல்லனைக் கூப்பிட்டார்.

"மறியல் இன்னியோட முடியுது செல்லா. எங்க மாமா நாளைக்கு லாரி அனுப்பறாரு, அடிவாரத்துல காச்சிராயபாளையத்துல நிக்கும். மலை ரோட்டுல மரத்தை எடுக்க இன்னும் நாள் ஆவுமாம். அதனால பழைய ஒத்தையடிப் பாதையில எறங்கிடலாம். படத்தைத் தூக்க ரெண்டு ஆளு, என்னைத் தூக்க நாலு ஆளு."

"உங்களைத் தூக்கறதுக்குத் தூளி கட்டிடலாங்க. போர்வையை மூங்கில்ல கட்டி ரெண்டே பேரு தூக்கிக்கினு போவாங்க. மலையில சீக்காளிங்களை அப்பிடித்தான் எறக்குவோம். படுத்துக்கினே வரலாம்."

"தூளியா? பொணம் மாதிரியா?"

"பொணத்துக்குப் பாடைங்க. தூளி உசுரு இருக்கறவங்களுக்கு."

"படுத்துக்கிட்டெல்லாம் வர முடியாது. எனக்கு மலையைப் பாக்கணும்." ஓவியர் தேவிப்ரியா பக்கம் திரும்பினார். "காலையில எழுந்திருக்கும்போதே பளிச்சுனு ஒரு ஐடியா வந்துச்சு. இந்த நாற்காலி இருக்கு பாருங்க, இதுக்கு ரெண்டு பக்கமும் நீளமா மூங்கிலை வெச்சுக் கட்டிட்டு, முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி ரெண்டு பேரு தோள்ல வெச்சுக்கிட்டா? எப்பிடி?"

"ரொம்பப் புதுசா இருக்கு சார்," என்றாள் தேவிப்ரியா.

செல்லன் அவரையே பார்த்தான். விளையாடுகிறாரோ என்று நினைத்தான். அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. தானே கண்டுபிடித்தது போல உட்கார்ந்திருந்தார்.

அந்த நாற்காலி செல்லனுக்குப் புதுசில்லை. மலை ரோடு போடாத காலத்தில் நாராயணசாமி வருஷா வருஷம் மாசியில் கடுக்காய் பார்க்க வருவார். அடிவாரத்தில் நாற்காலி தயாராக நிற்கும். கொட்டாம்பாறை ஆட்கள் முறை போட்டுக்கொண்டு இறங்கிப்போய்த் தூக்கி வர வேண்டும். சீக்காளிக்குத் தூளி, செத்தவனுக்குப் பாடை, உத்தரவு போடுகிறவனுக்கு நாற்காலி, இதுதான் மலைக்கு விதித்தது. அப்படிப்பட்ட கூலியில்லாத ஊழியமெல்லாம் கூடாது என்று சர்க்கார் சொன்ன வருஷம், ஊரே கூடி அந்த மூங்கில்களை வெட்டி அடுப்பில் வைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நாராயணசாமியின் பிள்ளைக்கு அது காலையில் பளிச்சென்று தோன்றியிருக்கிறது.

"நமக்கு சாமை அறுப்பு கெடக்குதுங்க," என்றான் செல்லன்.

"ஒரு நாள்ல சாமை ஓடிப்போயிடாது. நான் பச்சமுத்துகிட்டச் சொல்லிட்டேன், அவன் ஆளுங்களைச் சேத்துக்கினு வரான். நீ படத்தைப் பாத்துக்க. எந்தப் பக்கம் பிடிக்கணும்னு காட்டறேன், போர்வையை எடு. இன்னும் ஈரம் காயல, ஜாக்கிரதை."

அப்படித்தான் மூன்று மாசத்துக்குப் பிறகு செல்லன் முன்னால் போர்வை விலகியது.

கருத்துப்போன வானம். அதிலிருந்து சுருக்கம் சுருக்கமாக ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. கீழே செம்மண் நிறத்தில் ஒரு மலை. மலையில் ஒரு நாற்காலி ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலி மேல் ஆள் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு முட்டை, அதில் ஒரு கண். நாற்காலிக்கு மரக்கால் கிடையாது. அந்த இடத்தில் மனுஷக் கால்கள், முட்டிக்குக் கீழே மட்டும், எட்டு.

கட்டுரைக்காகத் தேவிப்ரியாவுக்கு மட்டும் ஓவியர் விலக்கு கொடுத்திருந்தார், அவள் இதை நான்கு நாளாகப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். செல்லன் பார்க்கிற பார்வையைக் கண்டு, பாவம் இந்த ஆளுக்கும் புரியட்டும் என்று நோட்டைப் பிரித்து வாசித்தாள். வானத்திலிருந்து விழுபவை குற்றவுணர்வின் கண்கள். மஞ்சள் முட்டை, பிறக்கத் தயங்கும் பிரபஞ்சக் கரு. எட்டுக் கால்கள் எட்டுத் திசைகளையும் நோக்கிய மானுட விழைவு.

"இல்லீங்கம்மா," என்றான் செல்லன். "மேல இருந்து வுழுவறது கடுக்காய்."

ஓவியர் சிரித்தார். "செல்லா, இது நனவிலி. நமக்கே தெரியாம உள்ள கெடக்கற மனசு. இதுல உன் மரத்தையும் காயையும் தேடாத."

"அந்த மஞ்சளா இருக்கறது உங்க தலைங்க. முடி எறக்கி, சந்தனம் பூசிக்கினு வந்தீங்க. ஆறு வயசு இருக்கும். உங்க அப்பாரு கீழ குதிரையில வந்து, ஒத்தையடிப் பாதை ஆரம்பிக்கறப்ப உங்களை மடியில வெச்சிக்கினு நாற்காலியில ஏறுவாரு. எட்டுக் காலும் நாலு ஆளோடதுங்க. மேல உக்காந்துக்கினு குனிஞ்சு பாத்தா எங்க காலுதான் தெரியும். மூஞ்சி தெரியாது."

ஓவியரின் சிரிப்பு நின்றுவிட்டது. தேவிப்ரியா நோட்டை மூடிக்கொண்டாள். எட்டுத் திசையும் மானுட விழைவும் அதற்குள்ளேயே கிடந்தன.

செல்லன் இன்னும் கிட்டப் போனான். முன்பக்கம், இடது மூலை. அந்த இடத்துக் காலைப் பார்த்ததும் குந்திவிட்டான். இடது பாதத்தில் சுண்டு விரலுக்கு வெளியே இன்னொரு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது. அதன் நகம் நடுவில் பிளந்து, பிளந்தது பிளந்தபடியே வளர்ந்திருந்தது. கோடாலி பட்டுப் பிளந்த நகம்.

"அது ஆறாவது புலன்," என்றாள் தேவிப்ரியா. பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"எங்கப்பன்," என்றான் செல்லன். "சடையன்."

அவனுடைய அப்பனுக்கு ஒரு போட்டோ கிடையாது. மலையில் அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது. முகம்கூட அவனுக்கு மறந்துவிட்டது. மீசை இருந்ததா என்று பாவாயி கேட்டால் ஒரு நாளைக்கு இருந்தது என்பான், இன்னொரு நாளைக்கு இல்லை என்பான். ஆனால் பதினைந்து வயசு வரைக்கும் எந்தப் பாதையில் போனாலும் அப்பன் முன்னால், அவன் பின்னால். அந்தக் காலைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பனைப் பார்த்துவிட்டான். சந்தோஷத்தில் தொட்டுவிடக் கை போனது, ஈரம் என்று சொன்னது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டான்.

"சடையனா?" என்றார் ஓவியர். அவர் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே. மெட்ராஸ்ல ஆறு படம் போட்டேன், எல்லாத்துலயும் வெறும் நாற்காலிதான். இங்க வந்தப்புறம்தான் கால் வந்துச்சு. அந்த ஒரு கால் மட்டும் எத்தனை தரம் போட்டாலும் சரியா வரல. முந்தாநாள்கூடத் திரும்பப் போட்டேன்."

"அது எப்பிடிங்க வரும். அன்னிக்கு அந்தக் காலுதானே சறுக்குச்சு."

செல்லன் சொன்னான். இத்தனை வருஷத்தில் பாவாயியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த வருசம் மாசியிலயே மழை. பாறையெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. நின்னு போலாம்னு கேட்டோம், உங்க அப்பாரு வேணாம்னுட்டாரு. வழுக்குப் பாறைகிட்ட எங்கப்பன் கால் சறுக்கிடுச்சு. முன்னால வுழுந்து நெஞ்சு பாறையில மோதுச்சு. அப்பவும் மூங்கிலை வுடல. வுட்டிருந்தா ரெண்டு பேரும் பள்ளத்துல போயிருப்பீங்க. உங்க அப்பாரு எறங்கிப் பாத்தாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவல. வேற ஆளு போடுன்னாரு."

"யாரைப் போட்டாங்க?" என்றாள் தேவிப்ரியா.

"பின்னால துணிப்பெட்டி தூக்கிக்கினு வந்தது நானுங்கம்மா. எங்கப்பனைப் பாதை ஓரமா உக்கார வெச்சிட்டு நான் தோள் குடுத்தேன். நீ போடா, நான் மெதுவா வரேன்னாரு. இவுங்களை மேல எறக்கி வுட்டுட்டு ஓடியாந்து பாத்தா, உக்காந்த வாக்குலயே போயிட்டிருந்தாரு."

ஓவியரின் கண் கலங்கியிருந்தது. செல்லன் அதைப் பார்த்து, பரவாயில்லை, மனுஷனுக்கு உள்ளே ஏதோ இருக்கத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவசரப்பட்டுவிட்டான்.

"தேவிப்ரியா, எழுதறீங்களா?" என்றார் ஓவியர். குரலில் நடுக்கம், சந்தோஷத்தினால் வந்த நடுக்கம். "ஆறு வயசுல பாத்தது. முப்பத்திரண்டு வருஷம் எனக்கே தெரியாம உள்ள கெடந்து, அந்தப் பிளந்த நகம் வரைக்கும் அப்பிடியே வந்திருக்கு. நனவிலிக்கு இதைவிட ஒரு நிரூபணம் உண்டா? பிரான்ஸ்காரன் இதைக் கேட்டா ஆடிப்போயிடுவான். செல்லா, எனக்கு நீ எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கே தெரியுமா?"

அப்பன் செத்ததைச் சொன்னால் ஒருத்தர் நன்றி சொல்லுவார் என்று செல்லன் எதிர்பார்க்கவில்லை. அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் காலைப் பார்த்த சந்தோஷம் அவனுக்குள் இன்னும் மிச்சம் இருந்தது. அதனால் பொறுமையாகவே கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. கீழ ஓரமா எங்கப்பன் பேரை எழுதிடுங்க. சடையன். நாலே எழுத்துதான். பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

"அது முடியாது செல்லா. ஒரு பேரைப் போட்டா இது ஒரு ஆளோட படம் ஆயிடும். இது மனுஷகுலத்தோட படம்."

"உங்க பேரு கீழ இருக்குதுங்களே?"

"அது கையெழுத்து. அது வேற."

"தலைப்பாவாவது வைக்கலாமே சார். சடையன்னு," என்றாள் தேவிப்ரியா. இந்த ஏழு நாளில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"'நனவிலி ஏழு'ன்னு காகிதமெல்லாம் அனுப்பியாச்சும்மா. வேணும்னா நீங்க கட்டுரையில ஒரு வரி போடுங்க. பெயரற்ற மலைமகனுக்குன்னு."

"பேரு இருக்குதுங்க," என்றான் செல்லன்.

"இருக்கட்டும்பா. பேரில்லாம இருந்தாத்தான் அதுக்கு ஒரு கம்பீரம். உனக்குச் சொன்னாப் புரியாது. நாளைக்குப் பாத்துக்கலாம், மொதல்ல எறங்கற வழியைப் பாரு."

சாயங்காலம் வீட்டில் செல்லன் எல்லாவற்றையும் சொல்ல, பாவாயி மரவள்ளிக் கிழங்கை நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மாமனார் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

"கால் நல்லா இருக்குதா?"

"அப்பிடியே இருக்குது. நகம் மொதக்கொண்டு."

"இன்னா பண்றாரு அதுல?"

"நாற்காலி தூக்கிக்கினு நிக்கறாரு."

பாவாயி கத்தியை நிறுத்தினாள். "இன்னுமா?" என்றாள்.

செல்லன் அப்பன் காலைத்தான் பார்த்திருந்தான், காலுக்கு மேலே இருந்ததை யோசிக்கவில்லை. படம் மெட்ராஸுக்குப் போகும். அங்கேயிருந்து பாரிஸுக்குப் போகும். சாராயக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுப் போட்டவர்கள் சுற்றி நின்று ஆறாவது புலன் என்பார்கள். ஊர் ஊராக, சுவர் சுவராக, நாராயணசாமியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் நிற்பான். உட்கார்ந்த வாக்கில் செத்தவனுக்கு அந்த உட்காருதலும் இல்லாமல் போகும். பெயரைப் போட்டிருந்தாலாவது, இந்தச் சுமையை இன்னான் சுமந்தான் என்று இருந்திருக்கும்.

"போட்டோ எதுவும் இல்லியே பாவாயி. இது ஒண்ணுதான்."

"தெரியுது," என்றாள் பாவாயி.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறும்போது நாற்காலி தயாராகிவிட்டது. பச்சமுத்துவும் அவனோடு வந்த மூன்று பேரும் இளவட்டங்கள். நாற்காலி தூக்கின கதையைக் கேட்டிருக்கிறார்களே ஒழியத் தூக்கிப் பார்த்ததில்லை, அதனால் ஏதோ திருவிழா வேலை மாதிரி சிரித்துக்கொண்டே மூங்கிலைக் கட்டினார்கள். ஓவியர் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலையில் தொப்பி, மடியில் தேவிப்ரியாவின் கட்டுரை, கட்டுப் போட்ட கால் நீட்டியபடி. "செல்லா, படத்தை எடுத்துக்கினு வா. நேரமாவுது," என்று குரல் கொடுத்தார்.

செல்லன் கிடங்குக்குள் போனான். பாவாயியும் பின்னாலேயே வந்தாள். போர்வையை எடுத்தான்.

"இதுவா?" என்றாள். குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "உன் காலு மாதிரிதான் இருக்குது. அந்த விரல் ஒண்ணுதான் ஜாஸ்தி."

செல்லனும் பார்த்தான். பாதத்தின் வெடிப்பு, பெருவிரல் மண்ணில் ஊன்றியிருந்த விதம், கணுக்காலுக்கு மேலே நரம்பு முடிச்சு, ஒன்று விடாமல் பார்த்தான். அந்த ஆள் கைகாரர்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கை அத்தனையும் சரியாக ஞாபகம் வைத்திருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்குத்தான் ஒன்றும் ஞாபகம் இல்லை.

பிரஷ் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெய் டப்பா சுவரோரம் இருந்தது. பக்கத்தில் கிடந்த பழந்துணியை அதில் முக்கிப் பிழிந்தான். முதலில் அப்பனின் வலது காலைத் துடைத்தான். ஈரப் பெயிண்ட் எதிர்ப்பே காட்டாமல் வந்துவிட்டது. இடது காலுக்கு வந்தபோது கை நின்றது. பாவாயி அவன் தோளைத் தொட்டாள். கணுக்காலிலிருந்து கீழாகத் துடைத்தான். பாதம் போயிற்று. கடைசியாக விரல்கள், ஒவ்வொன்றாக, ஆறும்.

இரண்டு பேரும் படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஓவியருக்கு எதிரே சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். ஆறு கால்கள் மிச்சம் இருந்தன. முன்பக்கம் இடது மூலையில் தாங்க ஆள் இல்லை. மஞ்சள் தலை இப்போதே உருண்டுவிடும் போல இருந்தது.

ஓவியர் எழுந்திருக்கப் பார்த்தார். மூங்கில் இடித்தது, கால் வலித்தது, மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார்.

"டேய், சடையன் எங்கடா?" என்றார். "சடையன் காலு எங்கடா? இந்தப் படத்துக்கு உயிரே அதுதாண்டா. சடையனை அழிச்சிட்டியேடா பாவி."

"இப்பதான் உங்க வாயில பேரு வருது," என்றான் செல்லன். "நான் அழிக்கலீங்க. எறக்கி வுட்டேன்."

ஓவியர் என்னென்னவோ கத்தினார். போலீஸ் என்றார், கோர்ட் என்றார், மூன்று மாச உழைப்பு என்றார். இருந்த நாற்காலியிலேயே இருந்துகொண்டுதான் கத்த வேண்டியிருந்தது. தேவிப்ரியா நோட்டைத் திறக்கவில்லை. பச்சமுத்து படத்தைப் பார்த்தான், செல்லனைப் பார்த்தான். குனிந்து மூங்கிலில் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தான். மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்து ஆளுக்கொரு முடிச்சை அவிழ்த்தார்கள். அவர் தூளியில் படுத்துக்கொண்டு இறங்குவதானால் தூக்கலாம் என்று பச்சமுத்து சொன்னான். படுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று செல்லன் கிளம்பிவிட்டான்.

சாமைக் கொல்லைக்குப் போய் அரிவாளை எடுக்கும்போதுதான் துணி இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தான். வரப்பில் உட்கார்ந்து அதைப் பிரித்தான். மண்ணெண்ணெய் நாற்றம், செம்மண் நிறத்தில் ஒரு கறை. விரலும் இல்லை, நகமும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இல்லை. இனிமேல் பாவாயி கேட்டால் காட்ட எதுவும் கிடையாது.

அப்போது அழுதான். அப்பன் செத்த அன்றைக்கு அவன் அழவில்லை. மறுநாள் நாராயணசாமி கீழே இறங்க வேண்டியிருந்தது, நாற்காலிக்கு ஓர் ஆள் குறைகிறது, விடிந்ததும் வந்துவிடு என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அவன் போனான்.